தேர் நின்ற பிறகும் ஆடிய கோடு

மூலையில் திரும்ப மாட்டேன் என்று தேர் நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அருகே குனிந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். வைகாசி வெயில். தெருவில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகி மேலே வந்தது. அதோடு கற்பூரமும் வேர்வையும் மோரில் கிள்ளிப் போட்ட கொத்தமல்லியும் கலந்து ஒரு வாசனை.

இதெல்லாம் நான் நேரில் பார்த்தது இல்லை. ஜன்னல் வழியாக வந்த சத்தமும் வாசனையும்தான். ஒரு தெரு தள்ளி, பழைய பட்டு நூல் கிடங்கின் மாடியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பிறந்தது இந்தக் காஞ்சிபுரத்தில், குழியில் காலை விட்டு நெய்கிற தறிக்கார வீட்டில்தான். என் அண்ணன் இன்றைக்கும் வடம் பிடிக்கிறான். ஆனால் எனக்குக் கூட்டம் என்றாலே எரிச்சல்.

அந்தக் கிடங்கின் கீழ்த்தளத்தில், ஆள் உயரக் குழிக்குள், சிமென்ட் மேடை மேல் எங்கள் நிலநடுக்கமானி இருந்தது. அதை உள்ளே இறக்கிய கதையை இந்தப் பகுதியில் போன வாரம் சொன்னேன். "தறிக் குழி வேணாம்னுட்டுதானே படிக்கப் போனே? கடைசில நீயும் குழியிலதான் எறங்கிக்கினு கீறே" என்று அண்ணன் இன்னமும் கேலி செய்கிறான்.

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுச் செவிலிமேட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் வழிமறித்தார். "நம்ம ஊருக்கு எப்பம்மா வரும்?" என்றார். பேருந்து வருவதைக் கேட்பதுபோலவே கேட்டார். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்கள் கருவி வரப்போவதைச் சொல்லாது, நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அவரிடம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. இந்த வாரம் எழுத வேண்டியது மனதில் கிடந்தது.

அமாவாசை அமைதி

பாலாற்று மண் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. நிலம் ஆடினால் இந்த மண் எவ்வளவு ஆடும், கோபுரங்கள் என்ன பாடுபடும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதனால்தான் ஊருக்கு நடுவே கருவி.

ஊருக்கு நடுவே வைத்தால் ஊர் முழுக்க அதில் விழும். தறி அடிக்கிற அடி, லாரி, கல்யாண மண்டப ஜெனரேட்டர் எல்லாமே. கணினித் திரையில் ஓடுகிற கோடு பகல் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். மதியம் தறிக்காரர்கள் சாப்பிட எழுந்தால் கொஞ்சம் அடங்கும். அமாவாசை அன்று தறிக்கு லீவு. அன்றைக்குக் கோடு அப்படியே தூங்குகிற மாதிரி இருக்கும். எங்கோ தீவுகளில் சின்னதாக ஆடினால்கூட அன்று கேட்கும்.

நேர்மாறான நாள் தேர் நாள்.

கோடு ஓர் அளவுக்கு மேல் ஆடினால் மணி அடிக்கும்படி வைத்திருந்தோம். தேர் நாளில் அது காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நகர்ந்தால் அடிக்கும், கட்டையில் மோதி நின்றால் அடிக்கும். முதல் வருடமே எல்லோருக்கும் காது வலித்துவிட்டது. அதற்கப்புறம் தேர் நாளில் மணியை அணைத்துவிட்டு, அன்றைய ஆட்டம் எல்லாவற்றுக்கும் மேலே 'தேர்' என்று குறித்துவிடுவது எங்கள் நிலையத்தின் வழக்கம் ஆனது. வேறு எந்த ஊர் நிலையத்திலும் இப்படி ஒரு குறிப்பு இருக்காது என்று எங்களுக்குப் பெருமைகூட உண்டு.

சகாயம்

குறிக்கிற வேலை சகாயத்துடையது. அவர் எங்கள் டெக்னீஷியன். திருப்புட்குழிக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் ஐ.டி.ஐ. முடித்து, டிவி ரிப்பேர் கடை வைத்து, டிவிகள் ரிப்பேர் ஆகாத காலம் வந்ததும் எங்களிடம் வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும், மாதா கோயிலுக்குப் போகும்போதுகூட.

தேர் என்றால் அவருக்கு உயிர். தறிக்காரச் சிநேகிதர்களோடு பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவார். "மாதா தேரு நம்ம ஊட்டுத் தேரு. இது சிநேகிதன் ஊட்டுத் தேரு. ரெண்டுக்கும் போவணுமா இல்லியா?" என்பார்.

அவருக்கு ஒரே மகள், அருள்மேரி. நர்சிங் படித்தவள். வெளிநாட்டில் ஒரு மலைநகரத்து மருத்துவமனையில் வேலை. நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று சகாயம் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

எங்கள் அறையில் பள்ளிக்கூடங்களில் இருப்பதுபோல ஒரு பூமி உருண்டை இருந்தது. மகள் விமானம் ஏறிய மறுநாள் சகாயம் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்துவந்து, அந்த நகரம் இருக்கிற இடத்தில் ஒட்டினார். காஞ்சிபுரத்தில் ஒட்ட இன்னொன்று கேட்டேன். "நமக்கு எதுக்கு மேடம்? நாமதான் இங்கியே கீறோமே" என்றார்.

மேரி குதித்தது

கிளம்புவதற்கு முன்னால் அவள் நிலையத்துக்கு ஒருமுறை வந்தாள். கருவியை அப்போது சோதித்துக்கொண்டிருந்தோம். வருகிறவர்கள் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். தரையில் ஒரு குதி குதித்துவிட்டுத் திரைக்கு ஓடிவந்து பார்ப்பது. புதுச் செருப்பு அறுந்துவிடும் என்று பயந்து பாதிதான் குதித்தாள். திரையில் ஒரு சின்ன முள் மாதிரி வந்தது.

"அவ்ளோதானா நானு?" என்று சிரித்தாள்.

கெட்டிக்காரி. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். யாரும் தோண்டிப் பார்த்ததில்லை, தோண்டியது எல்லாம் தோலைத் தாண்டவில்லை என்றேன். நிலநடுக்கத்தின் அலைகள் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளிவரும். சில அலைகள் வராது. வராததை வைத்துத்தான் நடுவில் உருகிய குழம்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன்.

"அப்ப ஸ்கேன் மாதிரி ஆன்ட்டி. ஆனா பேஷன்ட்டு எங்கியாவது அடிபட்டாத்தான் உங்களால ஸ்கேன் எடுக்க முடியும்."

அவள் சொன்னது சரி. எங்கள் படிப்பு முழுக்க எங்கோ யாருடைய வீடோ இடிந்ததில் கிடைத்தது.

பூமிக்கு வெளியேயும் இதே மாதிரிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். நிலாவில் வைத்தவை வேலை செய்துகொண்டிருந்தபோதே இங்கிருந்து அணைக்கப்பட்டன. செவ்வாயில் வைத்தது கொஞ்ச வருடம் அங்கத்திய நடுக்கங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அதன் சோலார் தகடுகளில் தூசி படிந்து, மின்சாரம் குறைந்து, ஒரு நாள் பேசுவதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைச் சகாயத்திடம் சொன்னபோது அவர் மொட்டைமாடியில் எங்கள் தகடுகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொடைக்க ஒரு ஆள் இல்லாம போயிடுச்சு பாருங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்று மதியம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆளே இல்லாத ஓர் ஊரில் ஒரு பெட்டி நின்றுபோனதற்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

கோடு நிற்கவில்லை

தேருக்கு வருகிறேன்.

வெளியே சத்தம் அடங்கியது. தண்ணீர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினேன். சகாயம் ஒரு சொம்பு மோரோடு உள்ளே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"குடிங்க மேடம். காலைலேர்ந்து ஒரே ஆட்டம். எல்லாத்துக்கும் தேர்னு போட்டுட்டேன்."

குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். கோடு மெதுவாக மேலே ஏறி, மெதுவாகக் கீழே இறங்கி, மறுபடி ஏறியது. தேரின் ஆட்டம் இப்படி இருக்காது. அது படபடவென்று இருக்கும்.

"தேர் ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது மேடம். பின்னால தள்ளுறதுக்கு புல்டோசர் வரணுமாம். எல்லாரும் குந்திக்கினு கீறாங்க."

"அப்போ இது என்ன?"

சகாயம் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

தேரின் படபடப்பை வடிகட்டிவிட்டுப் பதிவைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். 'தேர்' என்று அவர் போட்ட குறிப்புக்கு அடியில் முதல் அலை தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது அலை. இப்போது ஆடுவது கடைசியில் வருகிற மேற்பரப்பு அலை. எங்கோ பெரிதாக நடந்திருந்தது.

ஒரே வீட்டிலிருந்து ஒருவர் பைக்கிலும் ஒருவர் சைக்கிளிலும் கிளம்பினால், இரண்டு பேரும் வந்துசேர்கிற இடைவெளியை வைத்து அந்த வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். அலைகளிலும் அதே கணக்குதான். முதல் அலை எந்தப் பக்கமிருந்து தள்ளியது என்று பார்த்தால் திசை ஓரளவு தெரிந்துவிடும். வழக்கமாக இணையத்தில் வேறு நிலையங்களின் கணக்கும் உடனே கிடைக்கும். தேர்க் கூட்டத்தில் டவர் செத்துப்போயிருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கு எங்களிடம் இருந்தது உருண்டையும், கிடங்கில் கிடைத்த பட்டு நூலும். நூலில் தூரத்துக்கு ஏற்ப மசியில் கோடு போட்டு வைத்திருந்தோம்.

சகாயம் எப்போதும்போல நூலின் ஒரு முனையைக் காஞ்சிபுரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நான் மறுமுனையை அந்தத் திசைக்குக் கொண்டுபோனேன்.

போகப்போகவே எனக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகத் தளர்ந்தது. நூல் தொய்ந்து, மசிக் கோடு பொட்டுக்கு இந்தப் பக்கமே, கடலில் விழுந்தது. கடலில்தான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இழுத்துப் புடிங்க மேடம். தொய்யுது" என்றார் சகாயம்.

இழுத்துப் பிடித்தேன். மசிக் கோடு சிவப்புப் பொட்டின் விளிம்பைத் தொட்டது.

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை. "இந்த நூல்ல கொஞ்சம் முன்னப் பின்ன வருமில்ல?" என்றார்.

"வரும் சகாயம். நல்லாவே வரும்."

"எவ்ளோ வரும்?"

ஒரு மாநிலம் அளவுக்குக்கூட வரலாம் என்றேன். பொய் இல்லை.

வடம்

போனை எடுத்து அடித்துப் பார்த்தார். போகவில்லை. என் போனிலும் போகவில்லை. செவிலிமேட்டுப் பக்கம் போனால் டவர் கிடைக்கும் என்று வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

தேர்த்தெருவுக்கு வந்தால், தெரு நீளத்துக்கும் வடம் கிடந்தது. அதன் மேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வடத்தை யாரும் தாண்டமாட்டார்கள். கிடக்கும்போதும் அதைச் சாமியாகத்தான் நினைப்பார்கள். சுற்றிப் போக வேண்டுமென்றால் அந்தக் கோடிவரை கூட்டத்தில் நீந்திப் போக வேண்டும்.

சகாயம் வடத்தின் முன்னால் வந்து நின்றார். அப்படி ஒரு நேரத்திலும் அவருக்குக் காலைத் தூக்கி வைக்க வரவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் என் அண்ணன் இருந்தான். சகாயத்தின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னாச்சு சகாயம்?"

"பொண்ணு இருக்குற ஊர்ல பூமி ஆடிச்சு போலக்குதுபா. போன் பண்ணணும்."

அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பிக் கத்தினான். "எல்லாம் எய்ந்துருங்கப்பா! வடத்தத் தூக்குங்க!" ஆளுக்கொரு கை கொடுத்து அந்தக் கனத்த வடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். தேர் கிளம்புகிறது என்று நினைத்து மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சகாயம் குனிந்து அதற்கு அடியில் போனார்.

செவிலிமேடு போகும் வழியில் டவர் கிடைத்தது. மணி அடித்தது. எடுக்கவில்லை. அவர் மறுபடி மறுபடி அடித்தார். ஒரு பங்க் கடை வாசலில், வெயிலில், செருப்பில்லாமல் நின்று அடித்துக்கொண்டே இருந்தார். செருப்பை மோர்ப் பந்தலில் விட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மணியும் அடிக்காமல் போனது. அப்புறம்தான் கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் முதல் செய்தி வந்தது. அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தோம்?

மருத்துவமனை இடியாமல் நின்றது. நர்ஸ்கள் தங்கிய விடுதி விழுந்தது. அவள் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இது உறுதியாகத் தெரிய நாளாயிற்று. தெரியாமல் இருந்த அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் அண்ணனும் வடம் தூக்கியவர்களில் சிலரும் அதைத் தூக்கினார்கள்.

வைத்துக்கொள்வது

சகாயம் வேலைக்குத் திரும்பியது ஓர் அமாவாசை அன்று. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. கோடு அசையாமல் கிடந்தது. அவர் வந்து மொட்டைமாடிக்குப் போய்த் தகடுகளைத் துடைத்தார். கீழே வந்து கை கழுவினார். பிறகு கேட்டார்.

"மேரி குதிச்சாளே மேடம், அது இருக்குதா?"

இல்லை. சோதனை மாதங்களின் பதிவுகளை அழித்துவிடுவது எல்லா நிலையங்களிலும் நடக்கிற காரியம். குதிப்பது எங்கள் கணக்கில் இரைச்சல். அவளைக் கொன்ற அலைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. எங்களிடம் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இருக்கின்றன. என்றைக்கும் யாரும் அழிக்கமாட்டார்கள். இதைவிடக் கேவலமான ஒரு விஷயத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை.

இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார்.

அந்த நாளின் பதிவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவருடைய 'தேர்' என்ற குறிப்பு இன்னும் மேலேயே இருந்தது. அதை மாற்ற எனக்குக் கை வரவில்லை. அவரே உட்கார்ந்து அதை அழித்துவிட்டு, முறைப்படி நிலநடுக்கம் என்று தட்டினார். ஒரு விரலால், எழுத்து எழுத்தாக.

"மணி அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சகாயம்" என்றேன். "அலை நம்மகிட்ட வர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். நீங்க பண்ணினதுல எதுவும் மாறலை."

"அது தெரியும் மேடம். இத்தினி வருசமா இந்த வேலதான பண்றேன்." திரையில் அந்த அலையைத் தொட்டுக் காட்டினார். "அவ கிட்டேர்ந்து கெளம்பி, அவ்ளோ தூரம் வந்து, என் காலுக்குக் கீழ நின்னு ஆட்டிச்சு. நான் தேர்னு எழுதிட்டு, மோர் ஊத்திக்கினு சிரிச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் அழவில்லை. எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வைகாசி

அடுத்த வருடம் தேர் நாளில் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்திருந்தார். மோர்ப் பந்தலுக்குப் போகவில்லை. பந்தல்காரர்கள் ஒரு சொம்பை வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது மூடியபடி இருந்தது.

தேர் கிளம்பியதும் மணி அடித்தது. அணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் கை காட்டி உட்கார வைத்தார். திரையருகே போய்க் குனிந்தார். தேரின் படபடப்பை வடிகட்டிப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, 'தேர்' என்று குறித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுபடி அடித்தது. மறுபடி எழுந்தார்.

காலை முழுக்க அப்படியே நடந்தது. சக்கரம் நகர்கிறபோதெல்லாம், கட்டையில் மோதுகிறபோதெல்லாம் மணி அடித்தது. என் காது வலித்தது. உருண்டையில் அந்தப் பொட்டு இன்னும் ஒட்டியபடியே இருந்தது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

மதியம் தாண்டித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக ஒருமுறை மணி அடித்தது. சகாயம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். தெருவில் கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தேர்தான் மேடம்" என்றார்.